கப்பலா, மீனா

ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் படகேறி மீன்களைப் பார்ப்பதா, மூழ்கிக் கிடக்கும் சரக்குக் கப்பலைப் பார்ப்பதா என்று பொன்மணிக்கும் அவள் புருஷன் இசக்கிராஜாவுக்கும் ஒரு வாரமாக வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் போய்விட்டு வரவும் வழியில்லை. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவர்கள் ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். தண்ணீருக்குள் ஒருவரை விட்டு ஒருவர் விலகக் கூடாது. சொல்லிக்கொடுத்த ஆரிப் இதைப் பத்துத் தடவை சொல்லியிருந்தான். கல்யாணத்தில்கூட யாரும் இத்தனை கண்டிப்பு காட்டவில்லை என்று பொன்மணி நினைத்துக்கொண்டாள்.

இசக்கிராஜாவுக்குக் கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை. கயிறு அறுந்து கிணற்றில் விழுந்த மோட்டாரை முங்கி எடுக்கவும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கலங்கின தண்ணீரில் மூச்சடக்கி இறங்கி, கையால் துழாவி, கயிற்றைக் கட்டி இரண்டு தடவை சுண்டுவான். மேலே நிற்பவர்கள் இழுப்பார்கள். இருபது வருஷத்தில் எந்தக் கிணற்றிலிருந்தும் வெறுங்கையோடு ஏறினதில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

பொன்மணியின் குறை வேறு. கடலைமிட்டாய் கம்பெனியில் நாள் முழுக்கப் பாக்கெட் போட்டுவிட்டு வருகிறவள், புதுச்சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாலும் இந்த மனுஷன் முகத்தைப் பார்க்கமாட்டான். அடுப்படியில் கண் கலங்கி நின்றாலும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டான். கல்நெஞ்சுக்காரன் என்று என்றைக்கோ முடிவு கட்டிவிட்டாள். கடலுக்குள்ளாவது இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றை நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. அங்கேயும் போய் இரும்பைத் தடவ நிற்கிறானே என்று எரிச்சல்.

போன மாதம் பவளப்பாறைக்குப் போனபோது நடந்த கூத்தும் அவளுக்கு ஆறவில்லை. வரிவரியாகச் சிறகு விரித்த ஒரு மீனை அவள் கைகாட்ட, இவன் நேரே போய் அதைத் தொடப் பார்த்தான். முள்ளெல்லாம் விஷம். ஆரிப் பாய்ந்து கையைத் தட்டிவிட்டிருக்காவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

புதன்கிழமை இரண்டு பேரும் பேருந்து நிலையத்தில் நின்றார்கள். சாண் உயர எழுத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை மாட்டிய வண்டி எதிரே வந்து நின்றது.

"ஏட்டி, இது நாகலாபுரம் வண்டியா?" என்றான்.

எப்போதும் கேட்கிற கேள்விதான். சோம்பேறித்தனம் என்றே அவள் எண்ணியிருந்தாள். அன்றைக்கு ஏனோ சுருக்கென்றது.

"போன மாசம் தொடப் போனீங்களே, அந்த மீனு எப்படி இருந்துச்சு?"

அவன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "என்னமோ துணி ஆடுன மாதிரி இருந்துச்சு."

"கிட்ட இருக்க காயில் கம்பி மட்டும் தெரியுதோ?"

"கையில இருக்கது தெரியும். எட்டப் போனா எல்லாம் புகைதான்."

"இத ஏன் சொல்லல?"

"கண்ணாடி போட்டவன எவன் கெணத்துல எறக்குவான்? கப்பல்னா கையால பாத்துக்கிடலாம்லா. மீனு கைக்கு நிக்குமாட்டி?"

அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது. நாகலாபுரம் வண்டியை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்து ஜாபர் அலி அண்ணாச்சியின் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் சோதித்துப் பார்த்து மூன்றரை பவர் என்றார். முங்கும்போது போடுகிற முகக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, அதற்குள் அடங்குகிற மாதிரி இரண்டு லென்ஸை அறுத்து, ஓரத்தில் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தார்.

"கெணத்துக்குக் கண்ணாடி போடுத மொத ஆளு நீதாம்லே" என்று சிரித்தார்.

சனிக்கிழமை காலையில் நாகலாபுரத்தில் சோலைச்சாமியின் கிணற்றில் வேலை வந்தது. மிளகாய்க்குத் தண்ணீர் விடுகிற நேரத்தில் மோட்டார் விழுந்துவிட்டதாம். கப்பலா மீனா என்று மதியத்துக்குள் ஆரிப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் பொன்மணியும் கூடவே வந்திருந்தாள். மழை நின்று இரண்டு வாரமாகியிருந்தது. முப்பதடிக்குக் கீழே தண்ணீர் தெளிந்து கிடந்தது. முகக்கண்ணாடியைக் கண்டதும் சோலைச்சாமி ஒரு மாதிரியாகப் பார்த்தார். இசக்கிராஜா அவர் முகத்தைப் பார்க்காமல் கயிற்று நுனியோடு படியிறங்கி முங்கினான்.

கயிறு சுண்டவில்லை. தலை வெளியே வந்தது, மூச்சு வாங்கியது, மறுபடி முங்கியது. இரண்டாம் தடவையும் சுண்டவில்லை. மூன்றாம் தடவையும் அப்படியே. பொன்மணி கிணற்று விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தாள். நாமே கண்ணாடியை மாட்டிவிட்டு இவன் பிழைப்பைக் கெடுத்தோமோ என்று பயந்தாள்.

"என்னடே, ஆம்புடலியா?" என்று சோலைச்சாமி சத்தம் போட்டார்.

"எது?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"மோட்டாருடே!"

"மோட்டாரா? அத மறந்துட்டேன் அண்ணாச்சி!" இசக்கிராஜா தண்ணீரில் மிதந்தபடி கத்தினான். "இங்கன ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு நூறு கெடக்கு. தாய்மீனு வாயத் தொறக்குது, அம்புட்டும் உள்ள போயி ஒளியுது. நான் நவுந்தா வெளிய வருது. ஏட்டி பொன்மணி, ஆரிப்புக்குப் போனப் போடு. நாளைக்கு மீனுக்கே போவோம்!"

இருபது வருஷமாக இந்தத் தண்ணீருக்குள் இறங்கி ஏறுகிற மனுஷன், அதற்குள் மீன் இருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறான். சோலைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். பொன்மணிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவன் எங்கே பார்க்கப்போகிறான் என்ற பழக்கத்தில் முகத்தைத் திருப்பாமல் அங்கேயே நின்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கீழே அவன் முகக்கண்ணாடியைக் கழற்றாமலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏட்டி," என்றான், "ஏன் அழுதுக்கிட்டு நிக்க?"

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவன் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.