ஓரத்தில் சிவப்பு மை

மறைந்த தத்துவப் பேராசிரியரின் காகிதங்கள் பதினான்கு பெட்டிகளில் ஆவணக் காப்பகத்துக்கு வந்திருந்தன. அவற்றைப் பிரித்து அடுக்கிப் பட்டியல் எழுதுவது பெட்டியக்காவின் வேலை. எந்நேரமும் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது.

கடமையைப் பற்றிய உரைக் குறிப்புகளை ஆண்டுதோறும் புதிதாகக் கையால் எழுதிக்கொள்வது பேராசிரியரின் வழக்கம். அப்படி ஒன்பது கட்டுகள் இருந்தன. காப்பகத்தில் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிடுவார்கள். ஒத்துப்போனால் ஒரு கட்டை வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடுவார்கள். ஒன்பதும் ஒத்துப்போயின. ஆனால் ஆறாவது கட்டின் ஓரங்களில் மட்டும் சிவப்பு மையில், பக்கத்துக்கு நாலைந்து இடத்தில், ஒரே சொல்: "திரும்பு."

எங்கே திரும்புவது? அக்காவின் மண்டையைக் குடைந்தது. முந்தைய பக்கத்துக்கா? புரட்டினாள். கருத்தை மாற்றிக்கொண்டாரா? ஒன்றும் பொருந்தவில்லை. டப்பாவில் இருந்த மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

"இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழுறீங்களா?" பிரிவுத் தலைவர் வந்து நின்றார். கழிப்பதில் கைதேர்ந்தவர். முதுகுக்குப் பின்னால் 'கத்தரி' என்பார்கள். "நாலு மணிக்குப் பேராசிரியரோட வீட்டம்மா கையெழுத்துப் போட வராங்க. எட்டுக் கட்டும் அரைக்கிற மெஷினுக்குப் போயிரணும்."

"இதுல என்னமோ இருக்கு சார்."

"என்னன்னு சொல்லுங்க, வச்சுக்கலாம். என்னமோவுக்கெல்லாம் அலமாரியில இடம் இல்லக்கா."

நாலு மணிக்கு வந்த அம்மாள் படிவத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரே ஒரு சந்தேகம்மா. இந்த 'திரும்பு' எதுக்குன்னு தெரியுமா?"

அம்மாள் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த மனுஷனுக்குக் கரும்பலகையோட பேசுற வியாதி. வீட்லயும் பீரோவைப் பார்த்துத்தான் பேசுவாரு. என்னைத் திட்டுறாரா பீரோவைத் திட்டுறாரான்னே தெரியாது." பக்கத்தை மெல்லத் தடவினார். "அந்த வருஷம் வகுப்புல ஒரு பொண்ணு. காது கேக்காது, வாயசைவைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கும். இவரு முதுகைக் காட்டினா அதுக்கு என்ன புரியும்? தினமும் கிளம்புறதுக்கு முன்னாடி உக்காந்து எழுதிக்குவாரு. பரீட்சைத்தாள் திருத்த நான் வச்சிருந்த பேனா. கடைசி வரைக்கும் திருப்பித் தரல."

கத்தரி அந்தக் கட்டை வாங்கி, நின்றபடியே ஏழெட்டுப் பக்கம் புரட்டினார். பிறகு படிவத்தை இழுத்து, எட்டு என்பதை அடித்து ஏழு என்று எழுதி அம்மாளிடம் நீட்டினார்.

"அந்தப் பொண்ணு பாஸ் பண்ணிச்சாம்மா?"

"தெரியல தம்பி. அவரும் சொல்லல."

"மதிப்பெண் பட்டியல் பதினோராவது பெட்டியில சார்," என்று அக்கா எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க, முதல்ல சாப்பிடுங்க," என்றவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாமே பெட்டியை இறக்கப் போனார்.