முளைக்கயிற்று முடிச்சு

புருஷன் கந்தவேலின் கணுக்காலில் சுற்றிக் கிடந்த வலையைப் பூவாத்தாள் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். நூல் வலையாக இருந்தால் அவன் உதறிய உதறலுக்கே அறுந்திருக்கும். இது நைலான். நைலான் வலை மேட்டூர் அணைத் தண்ணீருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆசைப்பட்டு வாங்கியவன் அவன்தான்.

தலைமாட்டில் மாமியார் செல்லியம்மாள் செத்த மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இழுத்தா அவுர்ற உருவு முடிச்சுப் போடுங்கடான்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தியே. உம் பரிசலுக்கு மட்டும் கடும் முடிச்சுப் போட்டுக்கிட்டியே, பாவி."

விடிந்ததும் தீர்த்தகிரி சொன்ன கதை அது. அவன் பூவாத்தாளின் தம்பி. கந்தவேலோடு ஒரே பரிசலில் போனவன். காவிரியில் புதுவெள்ளம் இறங்கியதாம். நங்கூரக்கல் அடிப்பாறையில் சிக்கி, பரிசலின் விளிம்பை உள்ளே இழுத்ததாம். மச்சான் கட்டிய முடிச்சு அவிழாமல் பரிசல் கவிழ்ந்துவிட்டதாம். "நாஞ் சொன்னனுங்க, அவரு கேக்கலீங்க" என்று அழுதான். ஊர் நம்பியது. செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

செல்லியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாச்சும் பொழச்சு வந்தியே சாமி" என்றாள். புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டார்தான் கோடிச்சேலை போர்த்த வேண்டும். அப்பன் இல்லாததால் அந்தச் சேலை எடுக்கத் தீர்த்தகிரி மேச்சேரிக்குப் போயிருந்தான்.

குளிப்பாட்ட ஆண்கள் பிணத்தைத் தூக்கியதும் பூவாத்தாள் வெளியே வந்தாள். வேலியோரம் பரிசலைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இழுத்து வந்தவர்கள் நங்கூரக் கயிற்றைப் பாதியில் வெட்டிவிட்டிருந்தார்கள். விளிம்பு மூங்கிலில் முடிச்சு மட்டும் ஈரத்தில் ஊதிப்போய் அப்படியே இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு சுற்று, நுனியை அடியில் விட்டு, மேலே ஒரு மடக்கு. ஆட்டை முளையில் கட்டுகிற முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். அவளுடைய அப்பன் கட்டியது, அவள் கட்டியது, தீர்த்தகிரி கட்டியது. ஆட்டுப்பட்டியில் பிறக்காத கந்தவேலுக்குச் சாகிற வரைக்கும் அது வரவில்லை.

ஆடுகளை விற்றுவிட்டுத் தம்பி பரிசலேற வந்த புதிதில் கந்தவேல் சிரித்துக்கொண்டே சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள். "மாப்ள, தண்ணியில ஆடா மேய்க்கிற? ஒரு இழுப்புல உருவிட்டு வரோணும். ஆழத்தப்போல மூணு பங்கு கயிறு உடோணும்." வலை விடுவது கந்தவேல் என்றும், நங்கூரக்கல்லைக் கட்டிப் போடுவது தீர்த்தகிரி என்றும் அன்றைக்கே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

தம்பி கைப்பழக்கத்தில் கட்டிவிட்டான், போகட்டும். அதைக்கூட மன்னிக்கலாம். பழியைச் செத்தவன் தலையில் தூக்கிப் போட எப்படி மனசு வந்தது? அதுவும் பெற்றவள் முன்னால்.

தீர்த்தகிரி சைக்கிளை நிறுத்திவிட்டுச் சேலைப் பொட்டலத்தோடு வந்தான். அக்கா பரிசலருகே நிற்பதைப் பார்த்ததும் அவன் நடை சுருங்கியது.

"இத யாருடா கட்டுனது?"

"மச்சாந்தான்."

அவள் முடிச்சின் மேல் விரலை வைத்தாள். அவன் பார்க்கவில்லை. குரலை இறக்கிச் சொன்னான்.

"அக்கா, தெரிஞ்சா என்னைய மறுபடி தண்ணியில எறங்க உடமாட்டாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குது. அவருதான் போயிட்டாரே, இனி அவருக்கு என்ன கெடக்குது?"

"பேரு கெடக்குதுடா."

"நீ எங்கூடப் பொறந்தவ."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இவன் பொய் சொல்லியிருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பிணத்துக்கு வேட்டி கட்டியாகிவிட்டது. பூவாத்தாளைக் கால்மாட்டில் உட்காரவைத்தார்கள். தீர்த்தகிரி புதுச்சேலையை உதறிப் பிரித்துக்கொண்டு குனிந்தான்.

அவள் தோளை நகர்த்திக்கொண்டாள்.

"அத்த, உங்க மகன் கட்டுன முடிச்சு இல்லீங்க அது" என்றாள். குரல் உயரவில்லை. "ஆட்ட முளையில கட்டற முடிச்சு. எங்கப்பன் ஊட்டு முடிச்சுங்க. இவன் கட்டுனது."

யாரோ வாசலில் பறை அடிப்பவரிடம் கை காட்ட, சத்தம் நின்றது. தீர்த்தகிரி பிரித்த சேலையைக் கையிலேயே சுருட்டிக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தான்.

செல்லியம்மாள் மகன் முகத்தைத் தடவினாள். பிறகு தரையில் கையூன்றி எழுந்தாள். கொடியில் கிடந்த தன்னுடைய மாற்றுச்சேலையை எடுத்து வந்தாள். துவைத்துப் போட்டது, ஓரம் இன்னும் காயவில்லை. அதைப் பிரித்துப் பூவாத்தாளின் தோளில் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.