கூப்பிட்டால் நிற்கும் இருமல்

கூப்பிட்டதும் இருமல் நின்றுவிடுகிறது. நாங்கள் வாயை மூடினால், கொஞ்சம் கழித்து மறுபடி கேட்கிறது. விடிந்ததிலிருந்து இதுவே நடந்துகொண்டிருந்தது. கினபாலு மலையுச்சிக்குக் கீழே, மேகம் படுத்துக்கிடந்த பாறைவெளியில், வழிகாட்டிகள் மூன்று பேர் கயிற்றைப் பிடித்தபடி நின்றோம். இருமுவது என் தம்பி மதியுஸ். அதில் சந்தேகமே இல்லை. சிறுவயதில் பக்கத்துப் பாயில் கேட்ட இருமல். உயிரோடு இருக்கிறான், காதும் கேட்கிறது. பிறகு ஏன் பதில் சொல்லவில்லை?

முந்தின நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டபோது, மதியுஸ் கூட்டிவந்த மலையேறிகளில் ஒருவரைக் காணோம். மற்றவர்களை என்னோடு விடுதிக்கு அனுப்பிவிட்டு அவன் திரும்பி ஏறினான். காணாமல்போனவர் கயிற்றைத் தடவித் தடவித் தானாகவே இறங்கி வந்துவிட்டார். மதியுஸ் வரவில்லை.

அங்கே மண் இல்லை, மரம் இல்லை. கவிழ்த்த வாணலி போல ஒரே கல். பெய்கிற மழையில் ஒரு சொட்டைக்கூட அது குடிக்காது, எல்லாம் தகடாக வழிந்தோடும். அதனால்தான் உச்சிவரை வெள்ளைக் கயிறு போட்டிருக்கிறோம். கயிறு கையில் இருக்கும்வரை மேகம் ஒன்றும் செய்யாது. விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளிப் போனால் எல்லாப் பக்கமும் வெள்ளைதான். சரிவு எங்கே போகிறதென்று காலுக்கு மட்டுமே தெரியும். ஒரு சரிவு விடுதிக்கு இறங்கும். இன்னொன்று பெரும்பள்ளத்தில் முடியும்.

ஓசையும் அங்கே ஏமாற்றும். சுற்றிலும் கொம்பு கொம்பாகப் பாறைகள் நிற்பதால் ஒரு இருமல் நாலு இருமலாக வரும். முதலில் வருவதுதான் நேராக வருவது, மற்றவை மோதித் திரும்பியவை. ஆனால் இருமல் சின்னது. எது முதல் என்று காது பிரிப்பதற்குள் முடிந்துவிடும். ஆள் விடாமல் பேசினால் பிரித்துவிடலாம். நாம் நடக்க நடக்க நேர்க்குரல் வலுக்கும், எதிரொலி இடம் மாறும். ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தது அவன் பேச்சு.

“மதியுஸ்! டேய் மதியுஸ்!”

கத்தியது கிம்பாங். எங்களில் பெரிய தொண்டை அவனுக்கு. யாரைத் தேடினாலும் அவனைத்தான் கூப்பிடச் சொல்வோம்.

இருமல் நின்றது.

“கோவமா இருக்கானோ?” என்றான் கிம்பாங். “அவன் ஒளிச்சு வச்சிருந்த அரிசிக் கள்ள நான்தான் குடிச்சேன்.”

“ஒரு ஜாடி கள்ளுக்காக எவனாவது விறைச்சுச் சாவானா? கூப்பிடுடா.”

“தொண்ட போச்சு அக்கா.”

“என் வீட்டு சூப்பக் குடிக்கிறப்ப மட்டும் நல்லா இருந்துச்சு. கூப்பிடு!”

கூப்பிட்டான். கம்மிப்போன அந்தக் குரல் மேகத்துக்குள் போய்ப் பாறையில் பட்டுத் திரும்பியது. பின்னால் நின்ற லாவிஸ் சிலுவை போட்டுக்கொண்டான். “ஐயோ! செத்துப்போன நம்ம ஜூமில் கூப்பிடற மாதிரியே இருக்கு.”

ஜூமில் என்பவன் கிம்பாங்கின் தம்பி, அண்ணனின் அதே குரல் அவனுக்கும். மதியுஸின் கூட்டாளி. போன மழைக்காலத்தில் எங்கள் கண் முன்னாலேயே இதே பாறையில் வழுக்கிப் பள்ளத்துக்குள் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் டூசுன் இனத்து ஆட்களுக்கு இந்த மலை செத்தவர்களின் ஊர். மேலே உன் பெயர் கேட்டால் வாய் திறக்காதே, திறந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நடக்கத் தெரிந்த நாளிலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். அதனால் பாறைமேல் நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ‘ஓய்’ என்பதோடு சரி. ஆனால் தேடும் வேலைக்கு வேறு பழக்கம். அதுவரை நாங்கள் தேடியவர்கள் எல்லாரும் வெளியூர் மலையேறிகள். பெயரைச் சொன்னால்தான் திரும்புவார்கள். அந்தப் பழக்கத்தில் இவனையும் பெயர் சொல்லியே தேடிக்கொண்டிருந்தோம்.

மதியுஸுக்குக் கேட்டது என்ன? செத்துப்போன கூட்டாளி பள்ளத்தின் பக்கமிருந்து பெயர் சொல்லி அழைக்கிறான். கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமலை அடக்கியிருப்பான்.

கிம்பாங்கிடம் சொன்னேன். புரிந்ததும் ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அப்ப நீ கூப்பிடு அக்கா,” என்றான் லாவிஸ்.

“செத்தவங்க எந்தக் குரல்லயும் வருவாங்கடா. நான்தான்னு அவன் எப்படி நம்புவான்?”

செத்தவர்களுக்குத் தெரியாத ஒன்று வேண்டும். செத்த நாளுக்குப் பின் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அதனால்தானே கல்லறைக்குப் போனால் வீட்டுச் சேதியெல்லாம் சொல்கிறோம். இரண்டு கைகளையும் வாயில் குவித்தேன்.

“டேய் சோம்பேறி! ஞாயித்துக்கிழம பன்னிப்பட்டிக் கதவ எவன்டா திறந்துபோட்டது? பக்கத்து வீட்டு மரவள்ளி மொத்தமும் போச்சு! அவ என்னையில்ல திட்டுறா!”

பிறகு நாலு பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வந்தது.

“நான் சாத்தினேன்.”

“பொய் சொல்லாத!”

“கொக்கி துருப்பிடிச்சுக் கெடக்கு. நீதான் மாத்தல.”

“நான் ஏன்டா மாத்தணும்? யார் பன்னி அது?”

“உன் பன்னிதான். திங்கறதப் பாத்தாலே தெரியல?”

லாவிஸ் அழுதுகொண்டே சிரித்தான். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, திட்டியபடியே நடந்தோம். குரல் வலுத்த பக்கம் போனோம், வலுவிழந்தால் திரும்பினோம். கிம்பாங் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை.

ஒரு பிளவுக்குள், ஓடும் தண்ணீரில், கணுக்கால் உடைந்து கிடந்தான். அவன் உடம்பு நடுங்கவில்லை. நடுங்குகிற உடம்பு இன்னும் சூடு உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. நடுக்கம் நின்றுவிட்டால் எரிக்க உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. விடியும்போது கேட்ட இருமலில் நடுக்கம் இருந்தது. எனக்கு நினைவிருக்கிறது.

உலர்ந்த துணி சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். “கதவ நான் சாத்தினேன் அக்கா,” என்று இன்னொரு முறை சொன்னான். “சாத்தினடா, நீதான் சாத்தின,” என்றேன். விடுதியின் கூரை தெரிவதற்கு முன்பே இருமல் நின்றது. இந்த முறை யாரும் கூப்பிடவில்லை.

கிம்பாங் அதன்பிறகு மலைக்கு வரவில்லை. நாங்கள் தேடுகிற முறையை மாற்றிக்கொண்டோம். வெளியூர்க்காரரைத் தேடினால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். எங்கள் ஆளைத் தேடினால் பெயரைச் சொல்வதில்லை. அந்த வாரம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லிச் சண்டைக்கு இழுக்கிறோம். பதில் வந்ததும், அவனை நிறுத்தவிடாமல் பேசவைத்துக்கொண்டே குரல் வலுக்கும் பக்கம் நடக்கிறோம்.