இரண்டு போட்டோவுக்கு ஒரு உடை

நோட்டில் இருப்பது என் எழுத்துதான். 'தனசிங், பாதுகாப்பு உடை அணிந்து இறங்கினார்.' ஓர் எழுத்தும் பிசகவில்லை. நாற்பத்தாறு வயதுக்கு மேல் தாம்பரத்தில் எங்கள் சபையின் ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து. எங்கள் ஆட்களில் எனக்கு மட்டுமே எழுத வரும் என்று காண்ட்ராக்டர் லோகநாதன் அந்த நோட்டை என்னிடம் கொடுத்திருந்தார். தொட்டியில் இறங்குவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவேன். அதுதான் பழக்கம். எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

அன்று சிட்லபாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுத் தொட்டி. லாரிக் குழாய் அடியில் இறுகிக் கிடந்த சகதியை இழுக்கவில்லை. தனசிங் இறங்கினான். நான் மேலிருந்து கூப்பிட்டேன். இரண்டு முறை பதில் சொன்னான். மூன்றாவது முறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு லோகநாதன் எல்லாரிடமும் ஒரே பேச்சுதான். "டிரெஸ்ஸு குடுத்தேன். போட்டோ கீது, நோட்டு கீது. புழுங்குதுன்னு அவனே கழட்டிக் கடாசிட்டு எறங்கினா நான் இன்னா பண்ணுவேன்?"

ஊரப்பாக்கத்தில் தனசிங்கின் வீட்டுக்குப் போனால் அவன் மனைவி காமு சுவரில் மாட்டின அவன் படத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். "இன்னாத்துக்குய்யா கழட்டுன? ரெண்டு பொட்டப்புள்ளைங்கள நெனச்சியா? உனுக்குப் புழுக்கம் பெருசாப் பூடுச்சா?" பிறகு என் பக்கம் திரும்புவாள். "அண்ணே, நீ பக்கத்துலதான இருந்த. ஒரு அதட்டு போட்டு மாட்ட வெச்சிருக்கக் கூடாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்துவிட்டு வருவேன். பத்து நாள் அப்படித்தான் போயிற்று.

செவ்வாய்க்கிழமை தனசிங் சாவு பற்றி விசாரணை. அதற்கு முந்தின ஞாயிறு, வேண்டாம் என்று நினைத்தும் கால் வகுப்புக்கே போயிற்று. வகுப்பு எடுப்பவர் தாவீது. வேதசாஸ்திரம் படிக்கிறவர், என் மகன் வயது. அவர் அன்று பலகையில் வேதாகமத்திலிருந்து ஒரு வார்த்தை எழுதினார். 'தரித்துக்கொள்ளுங்கள்.' அதன் பக்கத்தில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இன்னொன்று.

"இது கிரேக்கம், புதிய ஏற்பாட்டை முதல்ல எழுதின மொழி. எண்டூவோன்னு சொல்லணும். துணி உடுத்தறதுக்கு உள்ள வார்த்தை. இதோட வேர் என்ன தெரியுமா? உள்ள இறங்கறது. சூரியன் கடலுக்குள்ள இறங்குது பாருங்க, அதுக்கும் இந்த வேர்தான். அதனால தரிக்கறதுன்னா மேல ஒண்ணை மாட்டிக்கறது மட்டும் இல்ல. முழு ஆளா அதுக்குள்ள இறங்கிடறது."

இறங்குவது எங்கள் தொழில் வார்த்தை. கையைத் தூக்கினேன்.

"சார், அந்த வார்த்த நல்லதுக்கு மட்டும்தான் வருமா?"

"இல்லண்ணா. சிலுவைக்கு முன்னாடி சிப்பாய்ங்க ஆண்டவருக்கு ராஜா மாதிரி சிவப்பு அங்கி போட்டு விட்டுக் கேலி பண்ணாங்க இல்ல? அங்கயும் இதே வார்த்தை வருது. கேலி முடிஞ்சதும் அதைக் கழட்டி அவரோட சொந்தத் துணியை உடுத்திக் கொண்டுபோனாங்க. அங்கயும் இதுதான்."

"வேடிக்கைக்குப் போட்டுக் கழட்டினதுக்கும், நெசமா உடுத்தறதுக்கும் ஒரே வார்த்தயா?"

"ஒரே வார்த்தைதாண்ணா. எதுக்காக, யார் போட்டு விட்டாங்கன்னு கூடவே படிக்கணும். வார்த்தையை மட்டும் பாத்தா தெரியாது."

நோட்டில் நான் எழுதினதும் ஒரே ஒரு வார்த்தைதான். அணிந்து.

திங்கட்கிழமை காலை லோகநாதன் போன் செய்தார். "யேசுதாசா, நோட்ல கீறத அப்டியே படிச்சிட்டு வந்துரு. மேல வாயத் தொறக்காத. எழுதினவன் நீ. பொய் எழுதினேன்னு சொன்னா மொத உள்ள போறவனும் நீதான். புரிதா?"

புரிந்தது. வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம். வாயை மூடிக்கொண்டால், தனசிங் தன் சாவைத் தானே தேடிக்கொண்டவன் என்று ஆகிவிடும். காமு அந்தப் படத்தோடு ஆயுசுக்கும் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள்.

விசாரணை அறையில் அதிகாரி அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். நோட்டை என் பக்கம் தள்ளினார். "படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"அப்போ அணிஞ்சிருந்தாரு?"

"அணிஞ்சான் மேடம். போட்டோவுக்கு."

பின்வரிசையில் லோகநாதன் செருமுவது கேட்டது. நான் திரும்பவில்லை. "எங்க ரெண்டு பேரு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாருங்க. வலது முட்டில கறுப்பு டேப்பு ஒட்டினுகீது பாருங்க, ரெண்டுலயும். ஒரே டிரெஸ்ஸு. அவன் போட்டு ஒரு போட்டோ, கழட்டி நான் போட்டு ஒரு போட்டோ. அப்பறம் மடிச்சி வண்டில வெச்சிருவாங்க. சகதி பட்டா அடுத்த எடத்துப் போட்டோவுக்கு ஆகாதுன்னு."

அந்த அம்மா இரண்டு படங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். கீழே நேரம் அச்சாகியிருந்தது. ஒன்பது பன்னிரண்டு. ஒன்பது பதினைந்து.

"அப்போ நோட்டுல இதை அவர் இறங்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டீங்களா?"

"ஆமாம் மேடம்."

"இது உங்க மேலயே வரும். தெரியுதா?"

"தெரியுது மேடம்."

வெளியே உட்காரச் சொன்னார். வாக்குமூலத்தை எழுதிவிட்டுக் கூப்பிடுவார்களாம். நடைபாதைப் பெஞ்சில் காமு இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"அப்போ அவரு கழட்டலையா?" என்றாள்.

இதை மட்டும் நான் உள்ளே சொல்லவில்லை. "நான்தாம்மா கழட்டினேன். ஜிப்பு நடுவுல சிக்கிகிச்சு. 'நில்றா, அட்த்து எனுக்கு எடுக்கணும்'னு கீழ குந்திக்கினு உருவினேன். 'இன்னா மச்சான், மாப்ள கோட்டு போடப் போறவனாட்டம் பறக்கற'ன்னு சிரிச்சான். அதான் கடைசியா சிரிச்சது."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அப்போ இன்னா போட்டுகினு எறங்கினாரு?"

"அவன் பனியன்தான். பச்சக் கோடு போட்டது."

காமு தன் விரல்களைப் பார்த்தாள். "அது தோள்ல கிழிஞ்சிருந்திச்சி. சனிக்கெழம நான்தான் தெச்சிக் குடுத்தேன்."

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.