மணலுக்குத்தான்

நேற்று அண்ணனோடு மீன் பிடிக்கப் போயிருந்த வெல்டரின் வேனிலிருந்து தூண்டில் கம்பை இறக்கும்போதே அவள் விரல்கள் நூலின் நுனியைத் தேடின. அகப்படவில்லை. வெல்டர் நூலை ரீலில் முழுக்கச் சுற்றி, நுனியை எங்கோ அடியில் செருகிவிட்டிருந்தார். நேற்றிருந்த பதற்றத்தில் கண்டபடி சுற்றிவிட்டதாகச் சொன்னார். அதே சட்டையில்தான் இன்னும் இருந்தார். முழங்கையில் பாசி காய்ந்து பச்சையாக ஒட்டியிருந்தது.

அண்ணனின் உடல் மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து வரும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது பதினொன்று. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். லிஃப்ட் கம்பெனி ஆட்கள் ஐந்தாறு பேர் சீருடையோடு உட்கார்ந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் அண்ணன் அவர்களோடு மெக்கானிக்காக இருந்தவன். வெல்டர் அவர்கள் பக்கம் போய், காலையிலிருந்து எத்தனையாவது முறையோ, அதையே சொல்லத் தொடங்கினார். பெரிய மீன். கற்களுக்கு நடுவே இறங்கப் பார்த்தது. விடக்கூடாது என்று இரண்டு காலையும் ஊன்றி, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து இழுத்தான். பட்டென்று நூல் போயிற்று. ஆள் அப்படியே மல்லாக்க விழுந்தான். பின்தலையில் கல்.

"கையை நீட்டறதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்று ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்தினார். பிறகு யாராவது தன்னைக் குற்றம் சொல்வார்களோ என்பதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அவள் கம்பை எடுத்துக்கொண்டு படியேறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அண்ணியின் அண்ணன் எதிரே வந்தார். வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. துக்க வீட்டிலும் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். அவர் கண் நேராகக் கம்பின் மேல் விழுந்தது.

"இது உங்க கடை நூல்தானேம்மா?"

"ஆமாங்க."

"முப்பது பவுண்டு தாங்கும்னு பெட்டியில போட்டிருக்கான். அதுக்குள்ள அறுந்தா அது கம்பெனி பண்ணின தப்பு. நீங்க வெறுமனே வாங்கி வித்தவங்க. நூல்ல பழுது இருந்துதுன்னு கடைக்காரங்க நீங்களே ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா, மத்ததை நான் பாத்துக்கறேன். கம்பைப் பத்திரமா வைங்க. யாரையும் தொட விடாதீங்க."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு மேலே போனாள்.

வீட்டுக்குள் முன்னறை நிறையப் பெண்கள். பேச்சு தணிந்து மறுபடி எழுந்தது. அவள் யாரையும் பார்க்காமல் சமையலறை வழியாகப் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கம்பைச் சுவரில் சாய்த்து, ரீலைத் தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, நகத்தால் நூலைக் கிளறினாள். அவள் இந்தத் தொழிலுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றைக் கதவுக் கடை. தூண்டில் சாமான் விற்கிற பொம்பளையா என்று சிரித்தவர்களெல்லாம் இப்போது ரீலுக்கு நூல் ஏற்ற அவளிடம்தான் வருகிறார்கள். அறுந்த நுனியைக் காட்டினால் போதும், எப்படி அறுந்தது என்று சொல்லிவிடுவாள்.

நுனி கிடைத்தது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

முடிச்சு நழுவியிருந்தால் நுனி சுருண்டிருக்கும். நூல் பழுதென்றால் ஒரே இடத்தில் வெடுக்கென்று விட்டிருக்கும். இது பழைய பெயின்ட் பிரஷ் மாதிரி எட்டு இழையும் எட்டுத் திசையில் பிரிந்து நின்றது. நுனியிலிருந்து ஒரு முழம் வரைக்கும் நூலின் மேல் பூனைமயிர்போலப் பிசிர். கல்லின் விளிம்பில் உரசி உரசி அறுந்திருக்கிறது. முன்னால் லீடர் என்கிற தடித்த நூலைக் கட்டியிருந்தால் உரசல் அதில்தான் விழுந்திருக்கும். கட்டியிருக்கவில்லை.

அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனாலும் நுனியைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் கடைக்கு வந்தான். இரண்டே வயது மூத்தவன். சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் முகத்தைப் பார்க்க மாட்டான். ரீலில் இருக்கிற நைலானைக் கழற்றிவிட்டு பிரெய்டு போட்டுக் கொடு என்றான். பிரெய்டு என்பது பின்னல் நூல். மெல்லியது, ஆனால் அந்தப் பருமனுக்கு நம்ப முடியாத பலம். நைலான்போல நீளாது. மீன் மூக்கால் தொட்டால்கூடக் கைக்குத் தெரியும். அவள் இரண்டு வகையை எடுத்து வைத்தாள். நாலு இழை கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் உரசலைத் தாங்கும். எட்டு இழை வழவழவென்று ஓடும், தூரமாய்ப் போய் விழும் என்றாள். லிஃப்டின் இழுவைக் கம்பியைத் தடவிப் பார்த்தே பழகியவன், இரண்டையும் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்துவிட்டு எட்டு இழையை எடுத்தான்.

"எங்க போறே?"

"மணலுக்குத்தான்" என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னான்.

பிறகு பலகையில் தொங்கிக்கொண்டிருந்த, இரைக்குப் பதிலாகக் கட்டுகிற இரும்பு மீன்களில் கனமானதாக இரண்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். ஆழத்தில் எறிகிற சாமான் அது. முழங்கால் தண்ணீரில், மணலில், அதை யாரும் எறிய மாட்டார்கள். அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அலைத்தடுப்புக் கற்களில் வழுக்கி அவன் மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு, இனிமேல் பாறைப் பக்கமே போகக்கூடாது என்று அண்ணி சத்தியம் வாங்கியிருந்தாள். அதோடு விடவில்லை. கடைக்கே வந்து, உன் கடைக்கு வராம அவர் எங்கயும் போக முடியாது, அப்படித் தெரிஞ்சா எனக்கு ஒரு போன் பண்ணு என்று கேட்டுக்கொண்டு போனாள். இவள் சரி என்றிருந்தாள்.

மேசைக்குக் கீழிருந்து தடித்த நைலான் சுருளை அவள் எடுத்ததும் உண்மை. அது எதுக்கு என்று அவன் கேட்டான். கல்லு இருக்கிற இடத்தில் பிரெய்டு நிற்காது. எத்தனை பவுண்டு போட்டிருந்தாலும் இழுவிசையில் கல்லைத் தொட்டால் போயிற்று. அதனால் முன்னால் ரெண்டு ஆள் உயரத்துக்கு இதை லீடராகக் கட்டணும், உரசலை இது வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் நீண்டும் கொடுக்கும் என்றாள். லிஃப்டுக்கு ஆறு கயிறு, மீனுக்கு ரெண்டு கயிறா என்று சிரித்தான். சிரிப்பு முடிந்த பிறகும் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மணல்ல?"

"சின்ன ஈயக்குண்டு, வெறும் மணல்னா நேரா கட்டிக்கலாம்."

"அப்ப வேண்டாம்."

வாங்கிக்கொண்டால் பாறைக்குப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். கொடுத்தால் அவளுக்குத் தெரியும் என்று ஆகும். தெரிந்தால் அண்ணிக்குப் போன் செய்ய வேண்டும், வீட்டில் சண்டை வரும், ஒரு மாதம் அவன் இந்தப் பக்கம் வர மாட்டான். அவள் சுருளைக் கீழே வைத்துவிட்டாள். அவன் கிளம்பும்போது முகம் தெளிந்திருந்தது. அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

கழுத்துக் கயிற்றில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி எப்போதும் தொங்கும். நேற்று கடையிலிருந்து ஓடி வந்தவள் அதைக் கழற்றவே இல்லை. இப்போது கை தானாக அதைப் பிடித்தது. ஒரே ஒரு முழம். வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டால் நுனி சுத்தமாக இருக்கும். நூல் பழுது என்று குமாஸ்தா எழுதுவார், வெல்டர் நிம்மதியாகத் தூங்குவார், யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கத்தரியின் இரண்டு அலகும் நூலைத் தொட்டுக்கொண்டு நின்றன.

"அங்க என்ன பண்றே?"

அண்ணியின் குரல் படுக்கையறை ஜன்னலிலிருந்து வந்தது. அந்த ஜன்னல் துவைக்கும் இடத்துக்குத்தான் திறந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"உள்ள வா. கம்பையும் எடுத்துட்டு வா."

அறையில் வேறு யாரும் இல்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அண்ணி அவனுடைய வெளிர்நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. அதுவே முன்னறையில் பேச்சாகியிருந்தது. காலரை முடித்து, கையைத் திருப்பிப் போட்டு, குனிந்தபடியே கேட்டாள்.

"நூல் பழுதுன்னு எங்க அண்ணன் சொல்றார். பழுதா?"

வெளியே யாரோ கரண்டியால் டம்ளரில் கலக்கும் சத்தம் கேட்டது. இவள் நுனியை உள்ளங்கையில் வைத்து அண்ணியின் பக்கம் நீட்டினாள்.

"இல்ல அண்ணி. நல்ல நூல்தான். கல்லுல உரசி அறுந்திருக்கு. முன்னாடி தடியா லீடர் கட்டியிருக்கணும். கட்டல."

"அது உன் கடையில இல்லையா?"

"இருந்துது. கையில எடுத்தேன். திருப்பி வெச்சுட்டேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"ஏன்?"

"மணலுக்குப் போறேன்னு சொன்னான்."

"நீ நம்பினியா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அண்ணி நிமிர்ந்து அவளை முழுதாகப் பார்த்துவிட்டாள்.

"இல்ல" என்றாள் இவள்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். சட்டையைத் தூக்கி இரண்டு தோளையும் பிடித்து உதறினாள். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். வெளியே போ என்பாள், குமாஸ்தாவைக் கூப்பிடுவாள், ஏதாவது செய்வாள்.

"என்கிட்டயும் மணல்னுதான் சொன்னார்" என்றாள் அண்ணி. "குனிஞ்சு, கல்லுல வழுக்காம இருக்கப் போடற ஆணி வெச்ச ஷூவைப் பையில திணிச்சிட்டிருந்தார். கதவுக்கிட்ட நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

சட்டையை மடிக்கப் போய், மடிக்காமல் கட்டிலில் விரித்துப் போட்டாள். குமாஸ்தா கதவைத் தட்டி எழுத்து வேலை என்னாயிற்று என்று கேட்டபோது, எதுவும் எழுத வேண்டாம் அண்ணா, நூல் நல்ல நூல்தானாம் என்று உள்ளிருந்தபடியே பதில் சொன்னாள். அவர் இரண்டு முறை ஏன் என்று கேட்டார். பிறகு செருப்புச் சத்தம் நகர்ந்து போயிற்று.

மூன்று மணிக்கு வரவேண்டிய வண்டி மூன்றேமுக்காலுக்கு வந்தது. லிஃப்ட் கம்பெனி ஆட்கள்தான் தூக்கி வந்தார்கள். படுக்கையறைக் கட்டிலில் கிடத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவைச் சாத்திப் போனார்கள். அண்ணி யாரையும் உதவிக்கு விடவில்லை. இவளை மட்டும் இருக்கச் சொன்னாள். இருவருமாகத் தோளைத் தூக்கி, சட்டையின் ஒரு கையை நுழைத்து, பிறகு மறுபக்கம் வந்தார்கள். கை விறைத்திருந்தது. இவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்க, அண்ணி மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டாள்.

வலது ஆட்காட்டி விரலின் உள்மடிப்பில் ஒரு பிளாஸ்திரி இருந்தது. எறியும்போது நூல் அறுத்த வெட்டை மூட அவனே ஒட்டியிருப்பான். தண்ணீர் பட்டு ஒரு ஓரம் எழும்பியிருந்தது. அண்ணி அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். விரலை எடுத்ததும் அது மெல்ல எழும்பியது. மறுபடி அழுத்தினாள். இந்த முறை விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.