அவள் குளிக்கும் நேரம்

வெல்டிங் பட்டறைக்காரரின் மனைவி தண்ணீரைத் தொட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். இது முதலில் தெரியவந்தது அவள் வேலை பார்த்த கல்லூரியின் வேதியியல் கூடத்தில். சோடியத்தைச் சோப்புபோல் துண்டு போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அன்று கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் கை நீட்டினாள். விரல்களிலெல்லாம் குமிழி பொங்கியது. பேராசிரியர் அந்த வாயுவைச் சோதனைக் குழாயில் பிடித்து எரியும் குச்சியைக் காட்டினார். டப் என்றது.

"ஹைட்ரஜன்தாம்மா. சில உலோகத்துக்குத் தங்கிட்ட இருக்கறத வச்சுக்கத் தெரியாது. தண்ணியப் பாத்ததும் எலக்ட்ரானக் குடுத்துடும், தண்ணி உடைஞ்சு வாயுவ விட்டுடும். உலோகம் தீர்ற வரைக்கும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

எது தீரும் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. உள்ளே இருப்பது கோபமா? யார்மேல்? கணவர் கை ஓங்காதவர், குடிக்காதவர். அவள் எது சொன்னாலும் "ம்" என்பார், அவ்வளவுதான். இத்தனை வருஷத்து "ம்" எல்லாம் சேர்ந்து உலோகமாகுமா?

வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குளியலறை. ஒருநாள் அவள் குளித்து வெளியே வந்ததும் தீப்பொறி ஒன்று முற்றம் தாண்டி வந்ததில் வாயு வெடித்து, குளியலறையின் தகரக் கூரை பக்கத்து வீட்டில் போய் விழுந்தது. அவர் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "நீ குளிச்சா நான் தொழில் பண்ண முடியாது. கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்ல இரேன்."

அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. கல்லூரிக் கூடத்தில் சோடியத்தை ஈரம் அண்டாமல் மண்ணெண்ணெயில்தான் போட்டு வைப்பார்கள். அவளும் உச்சி முதல் பாதம் வரை மண்ணெண்ணெய் தடவிக்கொண்டாள். குமிழி நின்றது. "இது பட்டறையா, பெட்ரோல் பங்க்கா அண்ணே?" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்தார்கள். அவள் நெருப்புக்குப் பயந்து கணவரிடமிருந்து பத்தடி தள்ளியே நடமாடினாள். வீடு அமைதியாக இருந்தது. சிரிப்போ அழுகையோ அவளை எட்டவில்லை. இதுதான் நிம்மதியா என்று யாரிடம் கேட்பது?

ஒரு மத்தியானம் அவர் வேலையை நிறுத்திவிட்டு, "என்ன யோசிக்கிற?" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி.

"ம்" என்றாள்.

அவர் முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தார். அன்று மாலையே இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பட்டறையைத் தெருக்கோடி தாண்டிக் கொண்டுபோய் வைத்தார். "போய்க் குளி" என்றார்.

அவள் குளித்தாள். வீட்டுக் கூரை ஒரு சாண் எழும்பி, பிறகு மெல்ல உட்கார்ந்தது. உடம்பிலிருந்து போவது எது, போகட்டுமா, கொஞ்சம் மிச்சம் பிடித்து வைக்கவேண்டுமா என்று தலை துவட்டும்போதெல்லாம் குழம்பினாள். வருஷங்கள் போயின; வாயு குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

சமீபத்தில் எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்தவள், தெரு முழுக்க அடுப்பணைவதைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரியிடம் என்னவென்று கேட்டாள்.

"அவங்க குளிக்கிறாங்க."

"அப்படியா?" என்று மாடியேறிப் போய், பாதி வெந்த சோற்றை அப்படியே விட்டு, அவளும் அடுப்பை அணைத்தாள்.