படகு பிடித்தவன்

அந்தமானில், வண்டூர் அரசு விடுதியில் சமையல் செய்துகொண்டிருந்த செல்வம்மாளுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. வேதநாயகம் தன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். நாலு பேர் நடுவில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவன் நாசமாய்ப் போக வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் அவள் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். சொன்னால் விட்டுவிடு என்பார். விடுவதற்கு அவளுக்கு இஷ்டமில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், அவள் புருஷன் அடைக்கலசாமி விடியுமுன் எழுந்து, வேதநாயகத்தோடு வெளிப்பாருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வெளிப்பார் என்பது கரையை விட்டுத் தள்ளிக் கடலுக்குள் கிடக்கிற பவளப்பாறைத் திட்டு. கடல் வற்றினால் அதன்மேல் இடுப்பளவு தண்ணீர்தான் நிற்கும். அங்கே இறங்கி நின்று, சேவல் இறகு கட்டிய தூண்டிலை வீசினால் பெரிய பாரை மீன் பாய்ந்து கவ்வும். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த ஆட்களில் அந்த வேலை அடைக்கலசாமிக்குக் கைவந்தது போல் யாருக்கும் வரவில்லை.

அன்று அடைக்கலசாமி திரும்பவில்லை. வேதநாயகம் மட்டும் வந்தான், ஒரு சிறுபிள்ளை அளவு இருந்த பாரை மீனோடு. வெளிப்பாருக்குத் தான் போகவே இல்லை என்றான். ஓடையில் வலை போட்டதாகவும் அதில் இது அகப்பட்டதாகவும் சொன்னான். அடைக்கலசாமி காலையிலேயே குடித்துவிட்டு வற்றின கடலில் தனியாக நடந்து போனதைக் கண்ணால் பார்த்ததாக வேறு அளந்தான். மீனை அறுத்து ஊருக்கெல்லாம் கொடுத்தான். செல்வம்மாளுக்கும் ஒரு துண்டு வந்தது. அவள் அதைக் குழம்பு வைத்து, புருஷன் வந்தால் சாப்பிடுவான் என்று மூடி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் உடல் அலையாத்திக் காட்டுக்குள் ஒதுங்கியது.

அது தவக்காலம்; தவக்காலத்தில் அடைக்கலசாமி சாராயத்தைத் தொடமாட்டான். அதை அவள் தொண்டை வற்றக் கத்திச் சொன்னாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று ஊர் தலையை ஆட்டியது. பிறகு குடிகாரன் பெண்டாட்டி என்ற பட்டம் மட்டும் அவளுக்கு நிலைத்தது. வேதநாயகமோ புதுப்படகு வாங்கி, ஞாயிறு பூசையில் முன்வரிசையில் முழங்கால் போட்டான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஜெபம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் பக்தவத்சலம் வந்தார். நீலகிரியில் தேயிலைத் தோட்ட மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரத் துரைகளிடம் ஓடையில் இறகுத் தூண்டில் வீசக் கற்றவர். அந்தப் பைத்தியம் முற்றிப்போய், கடலில் வீசிப் பார்க்க வேண்டும் என்று கப்பலேறி, சாத்தம் துறைமுகத்தில் இறங்கி, நீளமான தோல் குழாய்களோடு வண்டூருக்கு வந்து சேர்ந்தார். குழாய்களைப் பார்த்தவர்கள் துப்பாக்கி என்று நினைத்தார்கள். உள்ளே இருந்தவை மெல்லிய தூண்டில் கோல்கள்.

அவருக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். வருஷா வருஷம் குளிர்காலத்தில் வருவாராம். பிடித்துப்போன ஆளின் படகுக்கு அடுத்த தடவை எஞ்சின் கொண்டுவந்து கொடுப்பாராம். இந்தச் செய்தி அவர் பெட்டியைத் திறப்பதற்குள் கரையெல்லாம் பரவிவிட்டது.

ஆனால் மனுஷர் அவசரப்படவில்லை. மலையில் ஒருமுறை ஏமாந்தவர். மீன் உண்டா என்றால் உண்டு, மழை வராதா என்றால் வராது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ஒருவனை நம்பிப் போய், வெள்ளத்தில் மாட்டிப் பிழைத்தவர். சாப்பிட்டுக்கொண்டே செல்வம்மாளிடம் அதைச் சொன்னார். ஒருத்தனை எப்படி நம்பித் தேர்ந்தெடுப்பது, இங்கே கடலும் புதிது, ஆட்களும் புதிது என்றார்.

செல்வம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நாலு வருஷமாக மூடியிருந்த கதவு ஒன்று லேசாக அசைந்தது அவளுக்குத் தெரிந்தது.

"ஐயா, எங்க பாருல நங்கூரம் போட முடியாது. பவளத்துல கயிறு அறுந்துரும். ஒருத்தன் தண்ணியில எறங்குனா, இன்னொருத்தன் கழிய ஊணிப் படகப் புடிச்சிட்டு நிக்கணும். கடல் ஏறுச்சுன்னா எறங்குனவனுக்கு அவந்தான் உசுரு. மீன் புடிச்ச கதைய எவனும் அளப்பான். நீங்க, அன்னைக்குப் படகு யாரு புடிச்சான்னு கேளுங்க. அந்த ஆளயும் அங்கனயே நிறுத்திவச்சுக் கேளுங்க."

பக்தவத்சலம் யோசித்துவிட்டு, சரியான கேள்விதான் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இறகுத் தூண்டில் தெரிந்த அத்தனை பேரையும் விடுதிக்கு வரச் சொல்லும்படி அவளிடமே பொறுப்பை விட்டார். பூனையிடம் மீனைக் காவலுக்கு விட்டது போல ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் வேதநாயகம் சமையல்கட்டு வாசலுக்கு மீன் கொண்டுவந்தான். நாலு வருஷமாக அவனோடு பேசாதவள் அன்று பேசினாள். மீனைப் புரட்டிப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வது போல, வெளிப்பாருக்குப் போகிற இன்னொரு மீன்காரன் தாமசின் பேரை இழுத்துச் சொன்னாள்.

"தாமசத்தான் எடுப்பாவ போல. தொரைக்கு வலைக்காரன் வேண்டாமாம். எறகுல பெரிய மீனு புடிச்சவன்தான் வேணுமாம். ஒன்னச் சொல்லலாம்னா, அந்தப் பெரிய பாரையும் வலையில பட்டதுதான."

வேதநாயகம் மீன் காசை வாங்கிக்கொண்டான். எஞ்சின் வைத்த படகு அவன் கண்ணில் ஓடியதை அவள் பார்த்தாள். மீனுக்கு இரை போட்டவள் போல உள்ளே போய்விட்டாள். அன்று அவள் வைத்த ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பக்தவத்சலம் மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

ஞாயிறு வந்தது. வெளிப்பாரில் இறங்குகிற ஆட்கள் வண்டூரில் அப்போது மிஞ்சிப்போனால் ஒரு கை விரல் எண்ணிக்கைக்குள்தான். தாமஸ், அவன் தம்பி, ராமேஸ்வரத்து ஜம்புலிங்கம், வேதநாயகம். எல்லாரும் விடுதி வராந்தாவில் வந்து நின்றார்கள். வேடிக்கை பார்க்க பாதி ஊர் வாசலில் நின்றது. செல்வம்மாள் தட்டில் தேநீரோடு சுவரோரம் நின்றாள்.

தாமசிடம் நாளைக்குப் போகலாமா என்று கேட்டார் பக்தவத்சலம். மௌசம் கராப், காற்று சரியில்லை, போனால் கோலை நனைத்துவிட்டு வரலாம், மீன் வராது என்றான் அவன். அவன் பிடித்த பெரிய மீன் அப்படி ஒன்றும் பெரிதில்லை. படகு யார் பிடித்தது என்றதும் ஜம்புலிங்கத்தைக் காட்டினான். இவன் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பான், ஒருநாளும் முதுகைக் காட்டியதில்லை என்று ஜம்புலிங்கம் சாட்சி சொன்னான்.

பிறகு வேதநாயகம். மீன் நிச்சயம் வரும், காற்றைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று ஆரம்பித்தான். இரண்டு கையையும் அகல விரித்து அளவு காட்டினான். எங்கே பிடித்தாய் என்றதற்கு, வெளிப்பாரில், இடுப்பளவு தண்ணீரில், வெள்ளைச் சேவல் இறகில் என்றான். வலை என்ற பேச்சே இல்லை. துரை நம்பவில்லையோ என்று பயந்தானோ என்னவோ, ஊரையே சாட்சிக்கு வேறு இழுத்தான். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் அது, இங்கே நிற்கிறவர்கள் எல்லாரும் தின்ற மீன்தான், கேட்டுப் பாருங்கள் என்றான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"படகு யார் பிடித்தது?" என்றார் பக்தவத்சலம்.

வேதநாயகத்தின் விரித்த கைகள் அப்படியே நின்றன. தாமஸ் என்று முணுமுணுத்தான். அன்றைக்கு நான் போர்ட் பிளேரில் இருந்தேன், தம்பியும் கூட இருந்தான் என்றான் தாமஸ். ஜம்புலிங்கம், அந்த வருஷம் நான் இந்தத் தீவுக்கே வரவில்லை என்றான். அப்படியானால் நங்கூரம் போட்டிருப்பேன் என்றான் வேதநாயகம். வெளிப்பாரில் நங்கூரமா என்று தாமசின் தம்பி சிரித்தான். அவன் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அது எந்த நாள் என்று அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் நின்றவர்களுக்கும் ஒவ்வொருவராக வந்தது.

செல்வம்மாள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"சொல்லு வேதநாயகம். படகு யாரு புடிச்சா?"

"மதினி..."

"மதினின்னு கூப்பிடாத. படகு யாரு புடிச்சா?"

அவன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

"நாந்தான் புடிச்சேன். தண்ணியில நின்னது அண்ணன்தான். மீனத் தூக்கிப் படகுல போட்டாரு. காத்து வந்திருச்சு. படகு பாறையில மோதப் போச்சு. பயத்துல கழிய ஊணிப் படகத் தள்ளிட்டேன். சுத்திட்டு வந்து ஏத்திக்கலாம்னுதான் நெனச்சேன். கூப்பிட்டாரு மதினி. வேதநாயகம், வேதநாயகம்னு கூப்பிட்டாரு. நான் திரும்பல."

இந்தச் சொல்லைக் கேட்டால் அவன் குரல்வளையைப் பிடித்துவிடுவேன் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஆனால் அந்த நிமிஷத்தில் மூடி வைத்த குழம்புச் சட்டிதான் நினைவுக்கு வந்தது. புருஷன் பிடித்த மீனையே புருஷனுக்காக எடுத்து வைத்திருந்தாள். அழுகை வரவில்லை.

போலீசில் சொல்லலாம் என்றார் பக்தவத்சலம். வேண்டாம் ஐயா, ஜெயிலில் போட்டால் வேளைக்குச் சோறு கிடைக்கும் என்றாள் அவள். அவர் தாமசைத் தேர்ந்தெடுத்தார். அன்றிலிருந்து வேதநாயகத்தின் படகைப் பிடிக்க ஒருவரும் போகவில்லை. வலை இழுக்கவும் யாரும் கை கொடுக்கவில்லை. பூசையில் அவன் முழங்கால் போட்ட வரிசை காலியாகவே கிடந்தது.

மறு தவக்காலத்தில் அவன் சமையல்கட்டு வாசலுக்கு வந்தான். பாதி ஆளாகியிருந்தான். செல்வம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் மண்டியிட்டு, மன்னித்துவிடுங்கள், படகு பிடிக்க ஓர் ஆள்கூட வரமாட்டேன் என்கிறார்கள், பிழைக்க வழியில்லை என்று அழுதான். அவள் மீனைக் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்த்தாள்.

"நான் புடிக்கேன்."

அவன் விளங்காமல் நிமிர்ந்தான்.

"நாளைக்குக் கடல் நல்லா வத்தும். வெளிப்பாருக்குப் போவோம். நீ எறங்கு. நான் கழியப் புடிச்சிட்டு நிக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று அவன் அவள் முகத்தைத் தேடினான். முகம் சாந்தமாக இருந்தது. அவன் எழுந்து பின்னோக்கி நடந்தபடியே வாசலைத் தாண்டினான்.

மறுநாள் கடல் வற்றியபோது அவள் சொன்னபடி வந்தாள். அவன் படகின் பக்கத்தில், கையில் கழியோடு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். அவன் வரவில்லை. அதற்கடுத்து கடல் நன்றாக வற்றிய நாளிலும் நின்றாள். அதற்கடுத்ததிலும் நின்றாள். ஊரே பார்த்தது. ஒருவரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஈஸ்டருக்குள் வேதநாயகம் படகை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பாராடாங் தீவுக்குக் காடு வெட்டும் வேலைக்குப் போய்விட்டான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராக இருந்தாலும் செல்வம்மாள் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவாள். படகு பிடிக்க ஆள் வேண்டுமா என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள் என்பாள். ஒருமுறை தாமஸ் அங்கே போய்விட்டு வந்தான். வேதநாயகம் கடற்கரைப் பக்கமே வருவதில்லை, இங்கேயிருந்து யாராவது வந்தால் ஒளிந்துகொள்கிறான் என்றான். போதும் அக்கா, விட்டுவிடுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டான்.

செல்வம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"அப்போ இன்னும் உசுரோடதான் இருக்கான்" என்றாள். "நல்லது. நானும் இருக்கேன்."